பாவ்ரா சோதனைச் சாவடி

கியூம்ரியில் நூலாலை மூடிய வருடம்
எடைக்குப் போட்ட கண்டுகளில்
நாற்பது கிலோ ஷோகேர் வாங்கினாள்.
தைக்கத் தெரியாது அவளுக்கு.
பொத்தான் அறுந்தால் ஊக்கு குத்திக்கொள்கிறவள்.

தூரிகைகளை ஜாம் பாட்டிலில்
தலைகீழாக நிறுத்திவிட்டு
நூலை எண்ணெய்ச் சாயத்தில் ஊறப்போட்டாள்.
ஆளிவிதை எண்ணெயின் வாடை
ரொட்டிவரைக்கும் ஏறியது.

நேருக்குச் சொல்வார்கள், நூல் பிடித்தாற்போல் என்று.
இவள் நூல் எங்கேயும் நேராகப் போனதில்லை.
கித்தானில் விழும்போதே சுருண்டு,
கண்டில் கிடந்த காலத்து வளைவை
நினைத்துக்கொண்டு படுக்கும்.
அதன்மேல் பலகை. பலகைமேல் முழங்கால்.
பிறகு ஒரு முனையைப் பிடித்து
மெல்ல, மெல்ல,
வெடுக்கென்று.
பலகையைத் தூக்கினால் தெரிவது
நூல் இருந்த இடம் அல்ல,
நூல் போன வழி.

சில நாள் கொத்தனாரைப் போல
இரண்டு ஆணிக்கு நடுவே இறுக்கிக் கட்டிச் சுண்டுவாள்.
சுவரில், பூனைமேல், அவள் காதுமடலில்
கருஞ்சிவப்புப் பொட்டுகள்.

மார்ச்சில் திபிலீசிக் கூடமொன்று ஆறு படம் கேட்டது.
ஐந்து முடிந்திருந்தன.
ஆறாவதில், கோபால்ட் நீலத்துக்கு அடியில்
ஒரு நூல் பதினோரு நாளாகக் கிடந்தது.
எந்தப் பக்கம் இழுப்பது?
மேலே இழுத்தால் மலையாகிவிடும்.
வலப்பக்கம் என்றால்
யாரோ கிளம்பிப் போவதாகிவிடும்.
அவளுக்கு மலையும் வேண்டாம், போகிறவரும் வேண்டாம்.
முனையை வெளியே தொங்கவிட்டு
அப்படியே மார்ஷ்ருட்காவில் ஏற்றினாள்,
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில்,
ஒவ்வொரு பிரேக்குக்கும்
ஓட்டுநரிடம் ஒரு வசவு வாங்கிக்கொண்டு.

சாவடியில் நுக்சார் என்ற அதிகாரி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
ஓவியமா, துணியா?
ஓவியம்.
நூல் தொங்குகிறதே.
அதுதான் தூரிகை.
தூரிகையை உள்ளேயே விட்டுவிட்டா வரைவாய்?

ஓவியத்துக்கு ஒரு படிவம்.
நெசவுக்கு வேறு படிவம், வேறு வரி.
பின்னால் ஆறு வண்டி, பனி, ஹாரன்.
அரைகுறை ரஷ்யனில் சொல்லிப் பார்த்தாள்.
கையால் சொல்லிப் பார்த்தாள்.
அந்தக் கை அவருக்கு
இழு என்றதுபோல் பட்டிருக்க வேண்டும்.

இழுத்தார்.

நூல் அவசரப்படவில்லை.
மேலே ஏடு கட்டியிருந்த சாயம் பிளக்க
அடியிலிருந்த ஈர நீலம் எழுந்து வந்தது,
இடப்பக்கமாக, கீழ்நோக்கி,
அவர் நாற்காலியின் உயரத்துக்கு.
பதினோரு நாளில் அவள் யோசிக்காத திசை:
உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மடி.

இரண்டடி பின்னால் போனாள்.
எடைமேடை இடித்தது.
தலையைச் சாய்த்தாள், இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.
ஹாரன்கள் எங்கோ தூரத்தில் கேட்டன.

ஓவியம், என்று எழுதினார் நுக்சார்.
ஓவியங்கள், ஆறு.
முத்திரைக்குப் பக்கத்தில்
அவர் கட்டைவிரலும் நீலமாகப் பதிந்தது.
நூலுக்காக அவள் கை நீட்டினாள்.
தலையசைத்து மறுத்தார்.
படத்திலிருந்து பிரிந்த பிறகு
அது படம் இல்லை, விதி அப்படி.

இன்னொரு தாளை எடுத்தார்.
நூல். ஒன்று. ஈரம்.
நீளம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
இழுப்பறையில் அளவுகோலைத் தேடினார்,
மேசையில் அது
மறுபடி சுருண்டுகொண்டிருந்தது.