ஏழாவது கேள்வி

தந்தையின் தொழில் என்ன என்று கேட்டு
ஒரு விரல் நீளத்துக்குக்
கோடு விட்டிருக்கிறார்கள்.

செக்ரோலில் அப்பாவின் பேர் இல்லை,
பதினோரு வருசமாய்.
கந்தப்பளையில், கொழுந்து மடுவத்துக்குப் பின்னால்
தோட்டம் கைவிட்ட சரிவில்
முக்கால் ஏக்கர்.
மானாப்புல் வெட்டி, கல் பொறுக்கி,
பொறுக்கிய கல்லையே அடுக்கி வரப்பாக்கி
முதல் வருசம் லீக்ஸ் வைத்தார்.
முள்ளம்பன்றி தின்றது போக
மூன்று மூட்டை.

அம்மா இன்னும் பேர் போடுகிறாள்.
பதினெட்டுக் கிலோ வந்தால் முழுப்பேர்,
பனி இறங்கிக் கொழுந்து முறுகிய நாளில்
அரைப்பேர்.
அந்த அரைப்பேரின் கீழேதான்
நாங்கள் நாலு பேரும்
இந்தக் காம்பராவில் படுத்திருக்கிறோம்.

உர மானியம் கேட்டுப் போனபோது
காணி உறுதி எங்கே என்றார்கள் கமநல சேவையில்.
துரை ஆபீசில் கேட்டதற்கு
"இருக்கிற மட்டும் இரு, அடைக்கலம்" என்றார் பெரிய கிளாக்கர்.
அதை எந்தக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோவது?

சமிந்தவின் டிமோ பட்டா
தம்புள்ளைக்குப் புறப்படும் இரவுகளில்
எங்கள் மூட்டைகளில் மட்டும்
நீல மையில் ஓர் 'அ' இருக்கும்.
வால் கொஞ்சம் நீண்டு,
சாக்கின் தையல்வரை போய் நிற்கும்.
அப்பா தினமும் எழுதுகிற ஒரே எழுத்து.

அண்ணன் புறக்கோட்டையில் இரும்புக்கடை.
லீவில் வந்தால் வரப்பின் மேலேயே நடப்பான்.
"கிலோ நாப்பது ரூவாய்க்கு வித்துப்புட்டு
லொறிக் கூலி, சாக்குக் கூலி, நாட்டாமைக் கூலி...
இதுவும் ஒரு பொழப்பாப்பா?"
அப்பா பதில் சொல்வதில்லை.
ஒரு கரட்டைக் காதருகே பிடித்து
முறித்துப் பார்ப்பார்.
சத்தம் சரியாய் இருந்தால்
பாதியை அவனுக்கு நீட்டுவார்.

நேற்று ராத்திரி மேகமே இல்லை.
அப்பா வாசலில் நின்று
உள்ளங்கையை வானத்துக்குக் காட்டினார்.
"விழும்" என்றார்.
மூன்றரை மணிக்கு எழுப்பினார்.

கிழங்கு இலை முழுக்க வெள்ளை.
டோர்ச் வெளிச்சத்தில் சீனி கொட்டியது போல.
வெயில் தொடுவதற்கு முன்னே கழுவிவிட வேண்டும்,
தொட்டால் போச்சு,
உச்சிக்குள் வெந்த கீரையாகிவிடும்.
பம்ப் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.
பெற்றோல் இல்லை. கான் காலி
என்று முந்தாநாள் எழுதி வைத்தது நான்தான்,
சொல்லத்தான் மறந்து போனேன்.

வாளி எடுத்தோம்.
அம்மா இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு இறங்கினாள்,
மலைக்குப் போகிற அதே கட்டு.
ஓடைத் தண்ணீர் விரலைக் கடித்தது.
யாரும் பேசவில்லை.
தகரப் பூவாளி ஒன்று, சட்டி இரண்டு,
மாறி மாறி,
பின்னால் யாரோ வருகிற மூச்சு.
திரும்பினால் அண்ணன்,
கொழும்புச் சப்பாத்தோடு,
முழங்கால்வரை சேறு.

தேயிலை மலைக்கு மேலே சிவந்தபோது
பதினோரு வரிசையில்
ஏழு நனைந்திருந்தது.
மற்ற நாலும் எங்கள் கண்முன்னே
கறுத்தன, அவசரமில்லாமல்.

இப்போது அடுப்படியில்
ஆறு பேருக்குப் போதுமான புகை, நாலு கோப்பைத் தேத்தண்ணி.
பல்கலைக்கழக உதவிப் பணப் படிவம் என் மடியில்.
இன்று தபாலில் போட வேண்டும்.

"அப்பா, ஒங்க தொழில் என்னான்னு கேக்குறாங்க."

"அம்மாவுக்கு என்னா போட்ட?"

"தொழிலாளி."

தேத்தண்ணியை ஒரு வாய் உறிஞ்சினார்.
விரல் நுனிகள் இன்னும் வெளுத்துத்தான் இருந்தன.
"என் போன் நம்பர எழுதிவிடு.
தெரியணும்னா எடுத்துக் கேக்கட்டும்."

அம்மா சிரித்துவிட்டாள்.
எனக்குப் பேனா ஓடவில்லை.

அதற்குள் அவர் அந்தப் பக்கம் திரும்பி
கருகின நாலு வரிசையில் என்ன போடலாம் என்று
அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.
நிஜமாகவே கேட்டார்.

சப்பாத்தைக் கவிழ்த்து
வாசலில் தண்ணீரை வடித்தபடி
"பீட்ரூட்" என்றான் அவன்.