கம்பி வெளியே?

இரண்டே கால் மணி.
ஸ்கேன் பெட்டி மூன்றாம் மாடியில் பூட்டிக் கிடந்தது.
சாவிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.
ரெஜினாள் சிஸ்டர் அவரைத் தேடிப் பிடித்து
பெட்டியை லிஃப்டில் தள்ளிக்கொண்டு வருவதற்குள்
எத்திராஜுலுவின் இரண்டு கைகளிலும்
ஆறு இடங்களில் தோற்றிருந்தேன்.

இனி கழுத்துதான்.
முகத்தைப் பச்சைத் துணியால் மூடி
இடப்பக்கம் பார்க்கச் சொன்னேன்.
இடப்பக்கம் சுவர்.
துணிக்குள் அதுவும் இல்லை.

திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள்.
அழுத்தினால் மடங்குவது சிரை.
மடங்காமல் துடிப்பது தமனி,
அதில் குத்தினால் இந்த ராத்திரி விடியாது.

"இன்னாம்மா தேடுற?"
"ரத்தக்குழாய், ஐயா. ஆழத்துல இருக்கு."
"குழாயா? நம்ம டிபார்ட்மெண்டு."

குடிநீர் வாரியத்தில் இருபத்தாறு வருஷம்.
லாரிகள் ஓய்ந்த நடுராத்திரியில்
எம்.சி. ரோட்டுத் தாரில் இரும்புக் கம்பியை நட்டு
மறுமுனையில் காதை வைத்து
ஒழுகும் இடத்தைச் சொல்பவராம்.
"பாக்குறதெல்லாம் வேஸ்டு. சத்தம் வெய்யி."

அந்தப் பொத்தானை இங்கே யாரும் அழுத்துவதில்லை.
அழுத்தினேன்.
ஒன்று தட்டிக்கொண்டு,
ஒன்று காற்றுபோல் இரைந்துகொண்டு,
வார்டு முழுக்க அவருடைய ரத்தம்.
எட்டாம் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மூச்சை அடக்கிக் கேட்டார் எத்திராஜுலு.
"ஓடுது... ஆனா பிரஷர் கம்மி.
லைன்ல எங்கியோ வுடுதும்மா."

மானிட்டரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது,
எழுபத்திரண்டுக்கு நாற்பது என்று.

ஊசி இறங்கியது. கறுஞ்சிவப்பு, துள்ளாமல்.
ஊசிக்குள் கம்பி,
சுவரைக் கிழிக்காதபடி நுனி வளைந்த கம்பி.
இதயத்தின் வாசலை அது உரசியதும்
ஒரு துடிப்பு முந்திக்கொண்டது.
இரண்டு விரற்கடை பின்வாங்கினேன்.

எதை விட்டாலும் இதை விடாதே.
போன மாதம், வேறொரு கழுத்தில்,
கிளவுஸ் வழுக்கி ஒரு கணம் விட்டிருக்கிறேன்.
கண்ணெதிரே ஒரு சாண் உள்ளே போனது.
பிடித்துவிட்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

கதீட்டர் போனது. கம்பி வந்தது.
மூன்று தையல். மருந்து சொட்டத் தொடங்கியது.

படிவத்தில் கடைசிக் கட்டம்: கம்பி வெளியே?
தட்டில் சுருண்டு கிடந்ததை நிமிர்த்தி
வளைந்த நுனிவரை பார்த்த பிறகே
ஆம் என்று எழுதினேன்.

துணியை விலக்கினேன்.
கண்ணைத் திறக்காமலே சொன்னார்:
"இன்னொருக்கா சத்தம் வெய்யேன்."