சாயம் சாயத்தை வெளுக்காது

லியபாயாவில் பிப்ரவரி.
அமோனியா வெளியே போகட்டும் என்று
ஜன்னலை இரண்டு விரல் திறந்தேன்.
கடல்காற்று உள்ளே வந்தது.
"மூடு, இல்லை, மூடாதே" என்கிறாள் ஜின்ட்ரா
ஒரே மூச்சில்,
என் பழைய குளியல் துண்டைக் கழுத்தில் சுற்றி
சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

போன வாரம் தனியாகவே முயன்றிருக்கிறாள்.
அட்டைப்பெட்டியில் செம்பழுப்பாய்ச் சிரித்தவளை நம்பி
நாற்பது நிமிடம் காத்திருந்து அலசினால்
வேரில் மட்டும் அரை அங்குலம்
புளி போட்டுத் துலக்கிய செம்பு.
மிச்சமெல்லாம் பழைய கறுப்பு,
ஒன்றுமே நடக்காததுபோல.

"சாயம் சாயத்தை வெளுக்காது" என்றேன்.
"அதைப் பெட்டியில் போட்டிருக்கலாமே?"
போட்டிருந்தது. எறும்பெழுத்தில்.

பதினோரு வருடக் கறுப்பு.
டிராம் பணிமனை நேர்காணலுக்கு முந்தின இரவு
முதல் பெட்டியை உடைத்தாள்.
"நாற்பத்தொரு வயது எலிநிறத் தலையை நம்பி
யார் ஒரு வண்டியைக் கொடுப்பார்கள்?"
கொடுத்தார்கள்.
அன்றிலிருந்து ஆறு வாரத்துக்கொரு முறை
வேலையைக் காப்பாற்றுவதாக நினைத்து
வேர் முதல் நுனி வரை
கறுப்பின் மேல் கறுப்பு.

எந்த நிறம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை.
எங்கள் கரையில் புயலுக்குப் பின் ஒதுங்குகிற
மஞ்சள் பிசின்கல்லின் பெயர்தான் அவளுக்கு.
அந்த நிறமா என்று யாராவது கேட்டால் எரிந்து விழுவாள்,
எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள் என்று.

முதலில் சாயம் நீக்கி.
அழுகின முட்டை வாடை.
மேல்மாடி ரைமொண்ட்ஸ் கதவைத் தட்டி
காஸ் கசிகிறதா என்றான்.
துண்டைப் பார்த்தான், கையுறையைப் பார்த்தான்,
மேற்கொண்டு கேட்காமல் படியேறிவிட்டான்.
இருபது நிமிடம் அலசினோம்.
இன்னும் ஐந்து என்றேன்,
தண்ணீர் மீட்டரை நினைக்காமலிருக்க முயன்றபடி.

பிறகு பவுடர், பிறகு பிரஷ்.
நுனியில் தொடங்கி மேலே,
வேருக்கு இரண்டு விரல் தள்ளி நிறுத்து.
தலைச்சூடு வேரை அவசரப்படுத்தும்.
ஐந்து நிமிடத்துக்கொரு தரம்
ஒரு கற்றையைத் துடைத்து விளக்கடியில் பார்க்கிறேன்:
பீட்ரூட் வெந்த நீர்,
கொஞ்சம் பொறுத்துச் செங்கல்,
பிறகு துறைமுகத்து நங்கூரத் துரு.
நடுவில் ஒரு பட்டை மட்டும்
இறங்கவே மாட்டேன் என்கிறது.

"இங்கே என்ன செய்தாய்?"
கற்றையை இழுத்துப் பார்த்து, விரல்விட்டு எண்ணி,
"ஆர்விஸ் அயர்லாந்துக்குப் போன மாதம்" என்றாள்.
"அந்த மாதம் மூன்று தரம் பூசினேன்.
சாயங்காலங்களில் வேறு வேலை இருக்கவில்லை."
அந்தப் பட்டைக்கு இன்னொரு கை பவுடர் வைத்தேன்.
அது கொஞ்சம் அசைந்தது.

இதற்குள் மற்றதெல்லாம் பறங்கிப்பழம்.
அதை அடக்கும் பழுப்பை நான் கலக்கி முடிக்கவும்
அவள் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.
பணிமனை. இன்டுலிஸுக்குக் காய்ச்சல்.
நாற்பது நிமிடத்தில் வர முடியுமா?

"இருபது நிமிடம் பொறு, ஜின்ட்ரா."
"அலசு" என்றாள்.

ஈரத்தலையில் கம்பளித் தொப்பியை அழுத்திக்கொண்டு
படிகளில் இறங்கினாள்.
காதோரம் தீ எட்டிப் பார்த்தது.

கலந்த பழுப்பை எடுத்து வைக்க முடியாது.
பூச வேண்டும், இல்லையேல் கொட்ட வேண்டும்.
கிண்ணத்தில் காற்றுப் பட்டு அது
நிமிடத்துக்கு நிமிடம் கறுத்தது.
ஒரு சொட்டை என் நரையில் தடவிப் பார்க்கலாமா
என்று யோசித்தேன். தடவவில்லை.

ஏழேகாலுக்கு டிராம் வந்தது.
எங்கள் ஊரில் இருப்பதே ஒரு பாதை,
அது என் ஜன்னலடியில் திரும்புகிறது.
ஓட்டுநர் கண்ணாடிக்குப் பின்னால்
தொப்பியைக் காணோம்.

வளைவுக்கு ஒரு மணிதான் விதி.
இரண்டு அடித்தாள்.
கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே
நான் நின்றிருந்தேன்,
ஜன்னலை மூட மறந்து.