மயிரிழை

ஒன்பதாம் வகுப்பு. ஒரு வாரம்.
காற்றாலைக்கு இறக்கை செய்யும் கூடத்தில்
எங்கள் நால்வரை இறக்கிவிட்டுப் போனது பள்ளி வண்டி.
ஜட்லாந்தின் மேற்குக் கரை, நவம்பர்;
எட்டு மணிக்குத்தான் விடியலாமா என்று
வானம் யோசிக்கத் தொடங்கும்.

உள்ளே ஒரே ஒரு இறக்கை கிடந்தது.
அடியில் நின்றால் நுனி தெரியவில்லை.
யெப்பெ ஓரமாக நடந்து எண்ணினான்:
நூற்றுப் பதினொரு எட்டு.
தோரா எண்ணினாள்: நூற்று இருபத்து மூன்று.
அவள் கால் குட்டை.
எங்கள் முதல் அளவீடு அதுதான்,
முதல் சண்டையும்.

எங்களுக்குத் தந்தது மேசையகலத் தகடு ஒன்று.
கண்ணாடி இழைத் துணி, எட்டு அடுக்கு.
பார்வைக்குப் பட்டு;
பட்ட மணிக்கட்டிலோ மாலைவரை அரிப்பு.
ஒவ்வோர் அடுக்கையும் வேறு திசைக்குத் திருப்பி வைக்க வேண்டுமாம்.
ஏன் என்று கேட்டோம்.
"நாளைக்கு உடைப்பீர்கள் இல்லையா, அப்போது கேளுங்கள்"
என்று சொல்லிவிட்டு பிர்தா
கறுப்பு ரொட்டி தின்னப் போய்விட்டார்.

துணிமேல் பிளாஸ்டிக் உறை,
விளிம்பெங்கும் பசைநாடா, மூலையில் குழாய்.
பம்பை முடுக்கினோம்.
உறை மூச்சை உள்ளிழுத்து
துணியின் ஒவ்வொரு நரம்பையும் காட்டிக்கொண்டு
இறுகியது.
இனிக் குழாயை மூடு. பத்து நிமிடம்.
முள் நகரக் கூடாது.

நகர்ந்தது.

அவசரமே இல்லாமல், கோடு கோடாக,
முதல் மணி அடித்த பிறகு
வகுப்புக்கு வருகிறவனைப் போல.

எங்கோ காற்று நுழைகிறது.
விசிறிகள் இரையும் அந்தக் கூடத்தில்
கசிவின் சீழ்க்கை எந்தக் காதுக்குக் கேட்கும்?
சிகுர்த் உறைமேல் காதை வைத்தான்;
தன் நாடிதான் கேட்கிறது என்றான்.
யெப்பெ முள்ளைக் குறை சொன்னான்.
நான் பம்பை.
தோரா யாரையும் சொல்லவில்லை.
விளிம்பை விரல்விரலாக அழுத்திக்கொண்டே வந்தாள்.
நான் அளவுமானி முன் நின்று
கட்டைவிரலைக் கீழே காட்டிக்கொண்டிருந்தேன்:
இறங்குகிறது. இன்னும். இன்னும்.
மூன்றாம் பக்கத்தின் நடுவில்
அவள் விரல் நின்றது.
முள்ளும் நின்றது.

பசையைப் பிரித்தோம்.
குறுக்கே ஒரு முடி.
செம்பொன் நிறம், ஒரு சாண் நீளம்.
நால்வரில் அந்த நிறமும் நீளமும்
எனக்கு மட்டும்தான்.

மயிரிழையில் தப்பியவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.
மயிரிழையில் மாட்டிக்கொண்டவள்
நானாகத்தான் இருக்கும்.

மறுபடி ஒட்டினோம். தலைக்கு வலைத்தொப்பி.
முள் அசையவில்லை.
பிசினைத் திறந்துவிட்டதும்
தேநீரில் முனை தொட்ட சர்க்கரைக் கட்டியாக
வெள்ளைத் துணி மெல்ல மெல்ல நிறம் குடித்தது.
ஓரத்தில் மட்டும் காசளவு வெள்ளை,
என்ன செய்தும் நனையவில்லை.

மறுநாள் உடைக்கும் இயந்திரம்.
பந்தயம் கட்டினோம்: போனால் அந்தக் காசில்தான் போகும்.
தகடு வளைந்தது, வில்லாகியது,
போதும் என்று சிகுர்த் கத்திய பிறகும் வளைந்தது.
பிறகு ஒரு சத்தம்,
குளத்துப் பனிமேல் முதல் கால் வைத்ததுபோல.

காசு அப்படியே இருந்தது.
ஒரு கை தள்ளி,
ஐந்தாம் அடுக்கில் யாரும் பார்க்காத சுருக்கம் ஒன்று
எங்களைக் காட்டிக்கொடுத்திருந்தது.
நீளவாக்கில் கிடந்த இழைகள் அறுந்திருந்தன;
சாய்வாகக் கிடந்தவை மட்டும்
இரண்டு துண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.
பிர்தா பக்கத்தில்தான் நின்றார்.
நேற்றைய கேள்வியை யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு படிவம்:
நீ கற்றுக்கொண்டது என்ன? இரண்டு வரி இடம்.
யெப்பெ பின்பக்கம்வரை எழுதினான்.
நான் எழுதியது: தொப்பி.

திரும்பும் வழியில் கடலோரமாக
காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன.
ஒன்று மட்டும் சும்மா நின்றது.
பராமரிப்பாக இருக்கும் என்றான் சிகுர்த்.
இருக்கும் என்றேன்,
பின்னலைக் கம்பளித் தொப்பிக்குள்
தள்ளிக்கொண்டே.