வெந்நீர் எந்நேரமும்

கானாடுகாத்தானில் ஒரு விடுதி.
வரவேற்பு மேசை என்னுடையது.
"கைக்குழந்தையோட வர்றோம்" என்று தொடங்கும் குரல்களுக்கு
வாயில் தயாராக மூன்று பதில் வைத்திருப்பேன்:
வெந்நீர் எந்நேரமும் வரும்.
டாக்டர் பத்தே நிமிஷம்.
எந்த வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்றிருக்கும்,
அந்தக் காலத்துச் சுவர்.
மூன்றில் ஒன்றுதான் நிஜம்.

இப்போது எனக்கே நாலு நாள் லீவு.
நிறைமதிக்கு எட்டு மாதம்.
கீழே இரண்டு பல்,
மேலே ஒன்று வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

சேவுகன் மோட்டார் காயில் கட்டுகிறவன்,
எதையும் வரைந்து பார்த்தால்தான் அவனுக்குப் பிடிபடும்.
கேஸ் பில்லின் முதுகில் நடுவே கோடு கிழித்தான்.
இந்தப் பக்கம் மலை. அந்தப் பக்கம் கடல்.

மலை என்றால் கொடைக்கானல்.
வளைவுக்கு ஒரு வாந்தி என்று
அவன் அக்கா கணக்கு வைத்திருக்கிறாள்.
கடல் என்றால் ராமேஸ்வரம்.
விடியற்காலை ரயில், ஜன்னலோரம், பாலம்.
ஆனால் ஆடி மாதம்.
அம்மியே பறக்கும் என்கிறார்கள்,
ஏழரைக் கிலோ எம்மாத்திரம்?
லாட்ஜ் குழாயில் உப்புத் தண்ணீர் வேறு,
பால்பவுடர் திரிந்துவிடுமாம்.
குற்றாலம் என்றான் தம்பி, சிங்கப்பூரிலிருந்து.
அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

கொடைக்கானலுக்கு நான்தான் போன் போட்டேன்.
"வெந்நீர் எந்நேரமும் வரும் மேடம்."
என் இழுவை. என் மேடம்.
மேடத்துக்குப் பிறகு நான் விடுகிற அதே மூச்சு.
"தொட்டில் இருக்கா?"
"ஏற்பாடு பண்ணிடலாம் மேடம்."
எனக்குத் தெரியாதா,
அதற்கு இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போடுவது என்று அர்த்தம்.

"நானும் இதே வேலைதாம்மா பாக்குறேன்" என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு கதவு சாத்துகிற சத்தம்.
பிறகு அவள் குரல், சின்னதாக:
"அக்கா, காலைல ஆறுலேருந்து எட்டு வரைதான் வரும்.
ரூம் பூரா ஓதம்.
கம்பளியைப் பிழிஞ்சா தண்ணி வரும்.
என் புள்ளைக்கே ரெண்டு மாசமா இருமல்."
நான் வைக்கப் போனேன்.
"அக்கா, உங்க ஊர் எப்படி?
வெயில் இருக்குமா?
அவனை வெயில்ல கிடத்தி ரொம்ப நாளாச்சு."

வெந்நீர் என்று ஆரம்பித்த நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
"இங்க வெந்நீரே வேண்டாம்டி.
மத்தியானம் குழாயைத் திறந்தா கை பொசுங்கும்.
டாக்டர் காரைக்குடியில,
ஆட்டோ கிடைச்சா அரை மணி நேரம்.
ஆடு மாடு கூட ஒதுங்க நிழல் தேடும்.
சுவர் மட்டும் நிஜம்.
மார்கழில வா."

திரும்பினால் நிறைமதியின் வாயில் பில்.
மலைப் பக்கம் முழுக்க ஊறிப்போய்,
கோடு எது, கொடைக்கானல் எது என்று தெரியவில்லை.
சேவுகன் அதற்காகக் கடல் என்று முடிவு பண்ணவில்லை,
தண்ணீர்க் கேன் இரண்டு தூக்கலாம் என்று
ஏற்கெனவே பண்ணியிருந்தான்.
புதன்கிழமை ரயில்.

லீவுக்கு முன்னால் கடைசி வேலையாக
பதிவேட்டில் மார்கழியைத் திருப்பினேன்.
கிணற்றடியை ஒட்டிய அறை,
காலை வெயில் நேராகத் தரையில் விழுகிற அறை.
பெயர் கேட்க மறந்துவிட்டேன்.
பென்சிலால் எழுதினேன்:
கொடைக்கானல். கைக்குழந்தை. இருமல்.
முன்பணம் என்ற கட்டத்தில்
ஒரு கோடு.