கட்டணமில்லாச் சீட்டு

செக்காலை ரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில்
பதினோரு வருடமாக
பிறர் பணத்துக்குப் பேர் வைக்கிற வேலை எனக்கு.
அரிசி ஆலை, இரும்புக் கடை,
பலகாரம் செய்து துபாய்க்கு அனுப்புகிற இரண்டு பேர்.
ரொக்கமாகக் கொடுக்காதீர்கள் சார்,
வவுச்சராவது வாங்கி வையுங்கள் என்று
நாளுக்கு நாலு பேரிடமாவது சொல்வேன்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு
இதழினியின் பள்ளி வேன் வரும்போது
கதவைத் திறப்பவள் பஞ்சவர்ணம்.
ஆறேகால் வரைக்கும் எல்லாம் அவள்தான்:
சோறு, தூக்கம், மூக்குச் சளி,
காதில் பட்டாணி போட்டுக்கொண்ட அன்று ஆஸ்பத்திரி.
ஒன்றாம் தேதி ஏழாயிரம்
நகைக்கடை மஞ்சள் கவரில்.
கவர் மட்டும் திரும்பி வந்துவிடும், அடுத்த மாதத்துக்கு.

முதல் மாதமே அக்கவுண்ட் நம்பர் கேட்டேன்.
கையிலயே குடுங்க, என்றாள்.
பாங்க்கில் விழுந்தால்
குழுக்கடன்காரன் முதலில் எடுப்பான்.
மெசேஜ் போவது வீட்டுக்காரர் போனுக்கு.
அப்புறம் மாதாமாதம் வருகிற அந்த ஆயிரம்,
சம்பளம் ஏறுவதைப் பார்த்து நிறுத்திவிட்டால்?
அவ்வளவெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன்.
நீங்க பாக்குறீங்களே, என்றாள்.

எனக்கும் அதில் ஒரு சௌகரியம் இருந்தது.
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
இன்றுவரை தெரியாத சௌகரியம்.
தீபாவளிக்குப் புடவை எடுத்துவிட்டால் போனஸ் இல்லை.
போன மே மாதம் ஊட்டி போன எட்டு நாளுக்குப்
பிடித்தேனா, கொடுத்தேனா,
நினைவில்லை.
பிடித்தேன்.

மூன்று வருடம் கழித்து
மகள் சுகிர்தாவுக்கு மதுரையில் நர்சிங் கிடைத்தது.
கடனுக்கு வருமானச் சான்று வேண்டுமாம்.
உங்களுக்கென்ன, ஆடிட்டர் ஆபீசாச்சே, என்றாள்.

அன்று எல்லோரும் போன பிறகு தட்டினேன்:
இதன் மூலம் சான்றளிப்பது என்னவென்றால்.
அங்கேயே நின்றது.
காலையில்தான் ஒரு ஹோட்டல்காரருக்காக
இல்லாத வாட்ச்மேன்கள் மூன்று பேருக்குச்
சம்பளப் பட்டியல் முடித்திருந்தேன்,
கையெழுத்துகள் வேறு வேறு மையில்.

ஞாயிற்றுக்கிழமை பீரோ அடியிலிருந்து
பிஸ்கட் டப்பாவை இழுத்துக் கவிழ்த்தாள் இதழினி.
சீட்டுகள். குன்றக்குடி டவுன் பஸ்.
மகளிர், கட்டணமில்லாப் பயணம், ரூ. 0.
கண்டக்டர் விளையாட்டுக்கு
வந்ததும் பஞ்சு தருமாம் தினமும்.
சிலவற்றில் தேதி, நேரம்.
சிலவற்றை வெயில் தின்றிருந்தது.
ஒன்றில் பல் பதிந்திருந்தது.
தரையில் உட்கார்ந்து மாதவாரியாக அடுக்கினேன்,
பழக்கதோஷம்.
மார்ச்சில் இருபத்தாறு.
நவம்பரில், அத்தனை மழையிலும், இருபத்துநாலு.
மே பதினான்கில் ஒன்று, காலை 11.52.
பதினைந்து. பதினேழு. பத்தொன்பது.
நாங்கள் ஊட்டியில் இருந்தோம்.
செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தேன்.

இப்போது தபால் ஆபீசில் அவள் பேரில் ஒரு கணக்கு,
மெசேஜ் சுகிர்தா போனுக்கு.
முதல் தடவை அனுப்பும்போது
எதற்காக என்று கேட்டது திரை.
வாடகை, மருத்துவம், அன்பளிப்பு, மற்றவை.
விரல் கொஞ்ச நேரம் நின்றுதான் தொட்டது.

பாங்க்கில் ஆறு மாத வரவு பார்க்க வேண்டுமாம்.
காலேஜில் கட்டக் கடைசித் தேதி இருபத்தொன்று.
அதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.
பேசினால் எங்கே வந்து நிற்கும் என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

இன்று மாலை ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு
உள்ளே நுழைந்தால்
வாசலை மறித்துக் கை நீட்டுகிறாள் இதழினி.
டிக்கெட்.
இல்லையே கண்ணு.
டிக்கெட் இல்லாட்டி எறங்கு.

உள்ளே துணி மடித்துக்கொண்டே
பஞ்சவர்ணம் சொல்கிறாள்:
பாக்கின்னு எழுதிக்க பாப்பா,
அம்மா தந்துருவாங்க.