நம் சொல்லின் சாயலில்

பிரயிலாவில், நீதிமன்றத்துக்கு எதிரே,
மருந்துக்கடையின் மாடியில்
பக்கத்துக்கு நாற்பது லேய் வாங்கும் மொழிபெயர்ப்பாளன் நான்.
பிறப்புச் சான்று, விவாகரத்து, ஓட்டுநர் உரிமம்.
பெரும்பாலும் அழாத தாள்கள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
வெத்தூரியா வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.
ஹெரிஃபோர்ட் மருத்துவமனைக் கடிதம், இரண்டு பக்கம்.
ஸ்ட்ராபெரித் தோட்டத்தில்
கூரை பிளாஸ்டிக்கைக் கழற்ற ஏறிய புருஷன்
விழுந்து பத்து வாரம்.

"படித்துவிட்டேன். முத்திரை மட்டும் போதும்" என்றாள்.
பள்ளிக்கூடத்து ஆங்கிலம்.
முன்பின் தெரியாத கூட்டத்தில்
தெரிந்த முகம் ஒன்று அகப்பட்டிருக்கிறது:
ஈவென்ச்சுவலி.
நம்முடைய எவென்துவல்தானே?
நடந்தாலும் நடப்பான்.
அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள் என்றாள்.

அதை நம்பிக்
கட்டிலை அடுப்படிக்கு இறக்கியிருந்தாள்.
சைக்கிள் விற்றாயிற்று.
பூட்ஸ் இரண்டு ஜோடி மச்சினனுக்கு.
வாசற்படியை உடைத்துச் சரிவாக்க
கொத்தனாரிடம் விலையும் கேட்டாயிற்று.

இது நம் சொல் இல்லை என்றேன்.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான்,
லத்தீன் வீட்டில் பிறந்தவை.
அக்கரை போனது குணம் மாறிவிட்டது.
எவென்துவல் மழை வரும் என்று நாம் சொன்னால்
குடையை எடுக்கலாம், விடலாம்.
அவர்கள் சொன்னால்
மழை புறப்பட்டுவிட்டது,
எந்த ஊரைத் தாண்டுகிறது என்பதுதான் தெரியாது.
அந்தச் சொல்லில் சந்தேகம் கிடையாது.
தாமதம் மட்டும் உண்டு.
நடந்தாலும் நடப்பான் அல்ல,
நடந்தே தீருவான்.

அழுவாள் என்று
தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தேன்.
"எப்போது?" என்றாள்.
அதை மட்டும் சொல்லாத சொல் அது.

பிறகு ஃபோனை எடுத்து நீட்டினாள்.
மூன்று வாரம் முன்பு
நர்ஸ் கேட்டிருக்கிறாள், நீங்கள் வருவீர்களா?
இவள் தட்டிய பதில்:
ஐ வில் ஈவென்ச்சுவலி கம்.
நினைத்தது, வந்தாலும் வருவேன் என்று.
அதிலும் வராததன் பக்கமே கனம்.
கடைசி இரண்டு வருஷம் எப்படிக் கழிந்தது என்று
அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
கோட்டுப் பொத்தான் ஒன்று
நூலில் தொங்கும்வரை திருகிக்கொண்டிருந்தாள்.
கீழே நர்ஸின் மறுவரி:
படித்துக் காட்டினேன்.
இன்று கம்பியைப் பிடித்து நான்கு அடி.

"இதைத் திருத்த எவ்வளவு?"
ஒரு சொல்லுக்குக் காசு வாங்குவதில்லை என்றேன்.
பெர்ஹாப்ஸ் என்று போட்டால் போதும்,
சந்தேகம் திரும்பி வந்துவிடும்.
ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.
எழுத்துக்கூட்டிப் பார்த்தாள்,
கையுறைக்குள் செருகினாள்,
எண்பது லேய் எண்ணி வைத்தாள்.

முத்திரைத் தாளில் நான் போட்டது
இன் செலெ தின் ஊர்மெ.
அவர்கள் ஒரு சொல்லில் முடிப்பதற்கு
நமக்கு நான்கு செலவாகிறது.
நல்லவேளை, விலை பக்கத்துக்கு.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
டிராம் நிறுத்தத்தில், ஒரு கையுறை கழற்றி,
ஃபோனைப் பார்த்தபடி நின்றாள்.
கட்டைவிரல் அசையவில்லை.
டிராம் வந்து மறைத்தது.

நேப்பிள்ஸ் உரிமத்தோடு காத்திருந்த பையன்
குளிர் வருகிறது சார்,
ஜன்னலைச் சாத்தலாமா என்றான்.